மணிலாவிலிருந்து பிரான்ஸ் வரை: அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் வந்த பாதை

கேள்வி இது: "1898-இல் ஸ்பெயினைத் தோற்கடித்து பிலிப்பைன்ஸையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் எடுத்துக்கொண்ட அமெரிக்கா, 1917-இல் ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லி முதல் உலகப் போரில் இறங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இல்லை, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள்தான் காரணமா?"

தொடர்பு உண்டு என்பது என் பதில். 1917-இல் போருக்குள் தள்ளியது ஜெர்மன் நீர்மூழ்கிகள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தாக்குதலைப் பார்த்துவிட்டு அமெரிக்கா ஏன் ஒதுங்கிப் போகாமல் படை திரட்டியது, எந்த மொழியில் அந்தப் போரைத் தன் மக்களுக்கு நியாயப்படுத்தியது, எந்தத் தளபதிகளை அனுப்பியது, போர் முடிந்ததும் யாருடைய விடுதலையைப் பார்க்க மறுத்தது என்று கேட்டுக்கொண்டே போனால் 1898-க்குத்தான் வந்து நிற்போம்.

ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1917-இல் பிரான்ஸுக்குப் போன அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி ஜான் பெர்ஷிங். 1898-இல் அவர் கியூபாவின் சான் ஹுவான் குன்றுகளில் கறுப்பின வீரர்களைக் கொண்ட பத்தாவது குதிரைப் படையோடு நின்ற ஒரு லெப்டினன்ட். அடுத்த ஆண்டே பிலிப்பைன்ஸ் போனார். 1909 முதல் 1913 வரை அங்கே மோரோ மாகாணத்தின் ஆளுநர். 1913-இல் பட் பக்சாக் மலையில் நூற்றுக்கணக்கான மோரோ முஸ்லிம்கள் கொல்லப்பட்ட சண்டையை நடத்தியவர் அவர்தான். 1916-இல் மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவைத் தேடி அந்த நாட்டுக்குள் படையோடு போனார். 1917 பிப்ரவரியில் வில்லாவைப் பிடிக்காமலே திரும்பினார். நான்கே மாதத்தில் பிரான்ஸ் மண்ணில் கால் வைத்தார். கியூபா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, பிரான்ஸ் என்று ஒரே ஆள் நடந்த அந்தப் பாதைதான் அமெரிக்க ராணுவமே நடந்த பாதை. பெர்ஷிங்குக்கு முன்னால் அந்தப் பொறுப்புக்குப் பலர் எதிர்பார்த்த பெயர் பிரெடரிக் ஃபன்ஸ்டன். பிலிப்பைன்ஸ் விடுதலைத் தலைவர் அகினால்டோவை 1901-இல் தந்திரமாகப் பிடித்தவர் அவர். 1917 பிப்ரவரியில் திடீரென்று இறந்துபோனார்.

சரி, 1898-க்கு வருவோம். கியூபர்கள் ஸ்பெயினுக்கு எதிராக 1895 முதல் போராடிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து மக்களை முள்வேலி முகாம்களில் அடைத்து ஸ்பெயின் தளபதி வெய்லர் நடத்திய கொடுமை உண்மையானது. அமெரிக்க மக்களுக்கு வந்த கோபமும் உண்மையானதுதான். 1898 பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் 'மெயின்' போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். ஸ்பெயின்தான் வெடி வைத்தது என்று ஹெர்ஸ்ட், புலிட்சர் பத்திரிகைகள் கொதித்தன. 1976-இல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஒருவர் நடத்திய ஆய்வு, கப்பலுக்குள்ளேயே நிலக்கரி அறையில் பிடித்த தீ வெடிமருந்துக்குப் பரவியிருக்கலாம் என்று சொன்னது. அதற்குள் 78 வருடம் ஓடிவிட்டது.

கியூபாவை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று போருக்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. டெல்லர் திருத்தம் என்று அதற்குப் பெயர். மற்ற தீவுகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மே 1-ஆம் தேதி மணிலா விரிகுடாவில் ஸ்பெயின் கடற்படையை அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி ஒரே காலைப்பொழுதில் அழித்தார். டிசம்பர் 10-இல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர். ஒரு நாட்டை அதில் வாழும் மக்களைக் கேட்காமல் இரண்டு பேர் விலை பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தை அறைக்குள் ஒரு பிலிப்பினோகூட அனுமதிக்கப்படவில்லை. கியூபாவுக்கோ 1901-இல் பிளாட் திருத்தம் வந்தது. கியூபா விவகாரத்தில் எப்போது வேண்டுமானாலும் தலையிடும் உரிமையை அது அமெரிக்காவுக்குக் கொடுத்தது, குவாண்டானமோ தளத்துக்கும் வழி செய்தது.

பிலிப்பைன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1917-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் பக்கம் அது. அகினால்டோ 1898 ஜூன் 12-இல் சுதந்திரம் அறிவித்துவிட்டார். அரசியல் சட்டம் எழுதி, குடியரசையும் அமைத்துவிட்டார்கள். 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் எல்லையில் ஓர் அமெரிக்கக் காவல் வீரர் சுட்டதில் போர் தொடங்கியது. இரண்டே நாளில், பிப்ரவரி 6 அன்று, செனட் பாரிஸ் ஒப்பந்தத்தை 57-க்கு 27 என்று ஏற்றது. தேவையான மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதல்.

மூன்று வருடத்துக்கும் மேல் அந்தப் போர் நடந்தது. அமெரிக்கத் தரப்பில் சுமார் 4,200 பேர் இறந்தார்கள். பிலிப்பினோ போராளிகள் சுமார் 20,000 பேர். பட்டினியிலும் காலராவிலும் முகாம்களிலும் செத்த பொதுமக்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு உப்பும்வரை வதைத்து வாக்குமூலம் வாங்குவது அங்கே வழக்கமாக இருந்தது. சமார் தீவின் பலங்கிகா ஊரில் 1901 செப்டம்பரில் 48 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டதும், ஜேக்கப் ஸ்மித் என்ற தளபதி பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவிட்டார். ராணுவ நீதிமன்றம் அவருக்குக் கொடுத்த தண்டனை ஒரு கண்டனம். அப்புறம் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். கியூபாவில் வெய்லர் செய்த கொடுமையைக் காட்டித்தான் போருக்குப் போனார்கள். நான்கு வருடத்துக்குள் அதே மாதிரி முகாம்களைப் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில் தாங்களே அமைத்தார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவுக்குள் எதிர்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். மார்க் ட்வெய்ன், தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி ஆகியோர் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் இருந்தார்கள். ஆளப்படுபவர்களின் சம்மதம் இல்லாமல் ஆட்சி நியாயமாகாது என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனமே சொல்கிறதே, அதை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். ஆனால் 1900 தேர்தலில் அதிபர் மக்கின்லிதான் மறுபடியும் ஜெயித்தார். அந்த வருடங்களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஒருவர், பிலிப்பினோக்கள் முதலில் சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் பழக வேண்டும், சுயாட்சி அதற்குப் பிறகுதான் வரும் என்று எழுதினார். அவர் பெயர் உட்ரோ வில்சன். 1917-இல் உலக மக்களின் விடுதலை பற்றிப் பேசிய அதே வில்சன்தான். அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும்: அதிபரான பிறகு 1916-இல் பிலிப்பைன்ஸுக்குப் பிற்காலத்தில் விடுதலை தருவதாக வாக்களித்த ஜோன்ஸ் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். விடுதலை 1946-இல் வந்தது.

அடுத்த பதினைந்து வருடக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1903-இல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிய அமெரிக்கப் போர்க்கப்பல் காவல் நின்றது. பிரிந்த இரண்டே வாரத்தில் கால்வாய்ப் பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தது. கால்வாய் திறந்த நாள் 1914 ஆகஸ்ட் 15. ஐரோப்பா தீப்பிடித்த அதே மாதம். இரண்டு பெருங்கடல்களையும் ஒரே கடற்படையால் காக்க முடியும் என்றானது. ஆனால் கால்வாயைக் காக்க கரீபியன் கடல் முழுவதும் தன் பிடியில் இருக்க வேண்டும் என்ற கவலையும் கூடவே வந்தது. அந்தக் கவலையில் ஜெர்மனி மீதான பயம் பெரும்பங்கு. 1915 ஜூலையில் ஹைட்டி அதிபர் கும்பலால் கொல்லப்பட்டதும் வில்சன் கடற்படை வீரர்களை அங்கே இறக்கினார். 1934 வரை அவர்கள் போகவில்லை. அதற்கும் முன்பே, 1914 டிசம்பரில், ஹைட்டி தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை அமெரிக்க வீரர்கள் கப்பலில் ஏற்றி நியூயார்க் கொண்டுபோயிருந்தார்கள். 1916-இல் டொமினிகன் குடியரசும் அவர்கள் வசம் வந்தது. முந்தைய எந்த அதிபரைவிடவும் லத்தீன் அமெரிக்காவில் அதிகம் தலையிட்டவர் வில்சன் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது மிகை இல்லை.

இப்போது 1914. எண்ணத்திலும் செயலிலும் நடுநிலை என்று வில்சன் அறிவித்தார். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் பிரிட்டனின் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டதால் வியாபாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நேச நாடுகளுக்கு ஏற்றுமதி 1914-இல் சுமார் 82 கோடி டாலராக இருந்தது, 1916-இல் 320 கோடி. ஜெர்மனியோடு வியாபாரம் கிட்டத்தட்ட நின்றே போனது. பிரிட்டனுக்குப் பொருள் வாங்கித் தரும் முகவராக ஜே. பி. மார்கன் வங்கி 1915 தொடக்கத்தில் அமர்ந்தது. 1917-க்குள் நேச நாடுகள் வாங்கியிருந்த கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனி வாங்கியது 3 கோடியைக்கூடத் தொடவில்லை. போர்க்காலத்தில் கடத்தக்கூடாத பொருள்களிலேயே மோசமானது பணம் என்று வெளியுறவு அமைச்சர் பிரையன் தொடக்கத்திலேயே எச்சரித்தார். அது எல்லாப் பொருளையும் வரவழைக்கும் என்பது அவர் வாதம். நடந்ததும் அதுவே.

அதனால் வங்கிகள்தான் போரை வாங்கிக் கொடுத்தன என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். 1930-களில் அமெரிக்காவிலேயே அந்தக் கருத்து ஓங்கி இருந்தது. நான் அதை முழுதாக ஏற்கவில்லை. 1916 நவம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், வில்சனின் ஒப்புதலோடு, பிரிட்டனுக்கு ஈடில்லாத கடன் கொடுக்க வேண்டாம் என்று வங்கிகளை எச்சரித்தது. பிரிட்டன் அந்த நேரத்தில் டாலருக்குத் திணறிக்கொண்டிருந்தது. மார்கனின் கைப்பாவையாக இருந்தவர் செய்கிற காரியம் இல்லை அது. பணம் செய்தது வேறு. நடுநிலை என்று பெயர் வைத்திருந்தது உண்மையில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அது தீர்மானித்தது. அட்லான்டிக் வழியாகப் போகும் ஒவ்வொரு சரக்கும் ஜெர்மனிக்கு எதிரான ஆயுதமானது. எங்கள் வியாபாரம் உலகக் கடல்களில் தடையின்றிப் போகும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒரு நாடு அடித்துப் பேசுகிறது என்றால், அதற்குப் பின்னால் பெரிய கடற்படையும் கால்வாயும் இருபது வருடத்துப் பழக்கமும் இருக்கின்றன.

1915 மே 7-இல் லூசிடானியா பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள், அதில் 128 பேர் அமெரிக்கர்கள். அந்தக் கப்பலில் லட்சக்கணக்கான துப்பாக்கி ரவைகளும் இருந்தன. வில்சனின் கண்டனக் கடிதம் மிகக் கடுமையாக இருக்கிறது, பிரிட்டனின் முற்றுகையையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று சொல்லி பிரையன் பதவி விலகினார். 1916 தேர்தலில் 'நம்மைப் போரிலிருந்து காத்தவர்' என்ற முழக்கத்தோடு வில்சன் மயிரிழையில் ஜெயித்தார்.

ஜெர்மனி 1917 ஜனவரியில் எடுத்த முடிவு அந்த நிலைமையைக் கவிழ்த்தது. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பட்டினியில் பணிந்துவிடும் என்று ஜெர்மன் கடற்படைத் தலைமை கணக்குப் போட்டது. அமெரிக்கா போருக்கு வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வந்தால் வரட்டும் என்றார்கள். அப்போது அமெரிக்க நிரந்தர ராணுவத்தில் ஒன்றேகால் லட்சம் சொச்சம் பேர்தான். காலனிகளில் கிளர்ச்சியை அடக்குவதற்கான படை அது. ஐரோப்பியப் போருக்கு வேண்டிய பீரங்கிகூட இல்லை. பின்னால் பிரான்ஸிடம் வாங்கித்தான் சமாளித்தார்கள். அந்த அலட்சியத்துக்கு ஜெர்மனி பெரிய விலை கொடுத்தது.

இனி தந்தி. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் 1917 ஜனவரி நடுவில் மெக்சிகோவிலிருந்த தன் தூதருக்கு ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார். அமெரிக்கா போருக்கு வந்தால் மெக்சிகோ ஜெர்மனியோடு சேர வேண்டும். சேர்ந்தால் டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா திரும்பக் கிடைக்க உதவுவோம். பிரிட்டனின் உளவுத்துறை அதை உடைத்துப் படித்து அமெரிக்காவிடம் கொடுத்தது. மார்ச் 1-இல் பத்திரிகைகளில் வெளியானது. அதுவரை ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்றிருந்த மேற்கு மாநிலத்துக்காரர்களுக்கு அடிமடியில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது. தந்தி போலி என்று சொல்லிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சிம்மர்மனே அது தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தத் தந்தியில் 'திரும்ப' என்ற ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். அந்த மூன்று மாநிலங்களும் ஒரு காலத்தில் மெக்சிகோவின் மண். 1846 முதல் 1848 வரை நடந்த போர் முடிந்தபோது, முன்பே பிரிந்த டெக்சஸையும் சேர்த்து, மெக்சிகோ தன் பாதி நிலத்தை இழந்திருந்தது. தந்தி போன நாளில் பெர்ஷிங்கின் படை மெக்சிகோ மண்ணில்தான் இருந்தது. 1914-இல் வெராக்ரூஸ் துறைமுகத்தையும் அமெரிக்கா பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இத்தனை காயம் இருந்ததால்தான் பெர்லினில் ஒருவருக்கு அப்படி ஒரு யோசனையே தோன்றியது. மெக்சிகோ அதிபர் கர்ரான்சாவின் தளபதிகள் அதைப் பரிசீலித்து, நடக்காத காரியம் என்று விட்டுவிட்டார்கள்.

மார்ச் நடுவில் மூன்று அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. ரஷ்யாவில் ஜார் பதவி இழந்ததால் நேச நாடுகளை ஜனநாயக அணி என்று அழைப்பதில் இருந்த சங்கடமும் குறைந்தது. ஏப்ரல் 2 இரவு வில்சன் நாடாளுமன்றத்தில் பேசினார். உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்கப்பட வேண்டும் என்றார். எங்களுக்கு எந்த நிலமும் வேண்டாம், ஆதிக்கமும் வேண்டாம் என்றார். அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 31 அன்று, டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு வாங்கிய கரீபியன் தீவுகளில் அமெரிக்கக் கொடி ஏறியிருந்தது. ஜெர்மனி கையில் போய்விடக் கூடாது என்பதற்காக வாங்கியவை. இன்றைய அமெரிக்க வர்ஜின் தீவுகள். அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் அதிகாரபூர்வமாகச் சம்மதம் கேட்கவில்லை.

வில்சன் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் உண்மையாகவே நம்பினார். பிப்ரவரி இறுதியில் தன்னைச் சந்தித்த சமாதான இயக்கத் தலைவி ஜேன் ஆடம்ஸிடம் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போரில் கலந்துகொண்ட நாட்டின் அதிபருக்குச் சமாதான மேசையில் ஓர் இருக்கை கிடைக்கும். நடுநிலை நாட்டின் அதிபர் கதவிடுக்கு வழியாகக் கத்தத்தான் முடியும் என்ற பொருளில் சொன்னார். உலகத்துக்கு ஒழுங்கு சொல்லும் இடம் தனக்கு வேண்டும் என்ற அந்த எண்ணத்தைப் பிலிப்பைன்ஸ் பற்றி அவர் எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

போர்த் தீர்மானத்துக்கு செனட்டில் வாக்கு 82-க்கு 6. ஏப்ரல் 6, புனித வெள்ளி அதிகாலையில், பிரதிநிதிகள் சபையில் 373-க்கு 50. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் ஜெனட் ராங்கின், அந்த நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். அமெரிக்கக் கொடியில் டாலர் குறியைப் போடப் போகிறோம் என்று செனட்டர் நாரிஸ் எச்சரித்தபோது துரோகம் என்று கூச்சல் எழுந்தது.

காலனிகளில் கற்றது உள்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மணிலாவில் உளவுக் கோப்புகளைத் தயாரித்துப் பழகிய ரால்ஃப் வான் டீமன் என்ற அதிகாரி, 1917-இல் ராணுவ உளவுப் பிரிவை உருவாக்கி அமெரிக்கக் குடிமக்களையே கண்காணித்தார். போரை எதிர்த்துப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருடச் சிறை. 1920-இல் சிறையிலிருந்தே அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். அமெரிக்காவிலிருந்து இந்திய விடுதலைக்காக இயங்கி, பிரிட்டனுக்கு எதிராக ஆயுதம் கடத்த முயன்ற கதர் (Ghadar) கட்சி இந்தியர்கள் மீது, அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, சான் ஃபிரான்சிஸ்கோவில் பெரிய வழக்கு நடந்தது. புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917 மார்ச் 2-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது, அடுத்த சில மாதங்களில் கட்டாய ராணுவ சேவையும். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அந்தத் தீவில் வாழ்பவர்களுக்கு இன்றுவரை இல்லை. 1919-இல் பாரிஸில் வில்சன் சமாதானம் பேசிக்கொண்டிருந்த அதே வருடம், ஹைட்டியில் சாலை போடக் கட்டாய வேலை வாங்கப்பட்டதை எதிர்த்து எழுந்த விவசாயிகளை அவருடைய படை சுட்டுக்கொண்டிருந்தது.

நம் ஊரிலிருந்து ஒருவர் வில்சனின் வார்த்தைகளை அப்படியே நம்பினார். மதுரையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. மணி ஐயர் என்று அழைக்கப்பட்டவர். அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்ட சில நாட்களில், 1917 ஜூன் 24 அன்று, ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராக வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏப்ரல் 2 உரையின் ஜனநாயக வாசகத்தையே அதில் எடுத்துக் காட்டினார். சுயாட்சி தருவதாக வாக்களித்தால் இந்தியா லட்சக்கணக்கான வீரர்களைத் தரும் என்றார். தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கும் என்று ஓர் அமெரிக்கத் தம்பதி அதைக் கையோடு கொண்டுபோனார்கள். மறுவருடம் விஷயம் வெளியே வந்ததும், இந்தியா விவகார அமைச்சர் மாண்டேகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அந்தக் கடிதத்தை வெட்கக்கேடு என்று கண்டித்தார். மணி ஐயர் தன் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். 1919 ஜூனில் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவின் பெயரால் கையெழுத்துப் போட்ட இருவர் பிகானேர் மகாராஜாவும் அதே மாண்டேகுவும்.